பரணில் கிடந்த சேஞ்ச் ஓவர் சுவிட்ச்

(நமது சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில், மின்னியல் பிரிவில் 1979-ஆம் ஆண்டு தேறிய முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் போன் செய்து, "பத்து நிமிஷம் பேசணும், எல்லாருக்கும் பயன்படுற மாதிரி இருக்கணும்" என்றார். சர்க்கரை ஆலையில் 36 வருஷம் மின்பொறியாளராக இருந்தவன் எல்லோருக்கும் பயன்படும்படி என்ன பேசுவது? "வீட்டுல ஜெனரேட்டர் வைக்கிறதைப் பத்திப் பேசட்டுமா?" என்றேன். "அதுல என்னப்பா இருக்கு? கயிறை இழுத்தா ஓடப்போவுது" என்றார். ஒரு காலத்தில் நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த நினைப்பால் ஒரு மனுஷனைக் கொல்லப் பார்த்தேன். அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன். இதுவரை என் மனைவியைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை.

மின்வெட்டு நமக்குப் புதிதல்ல. ஹாஸ்டலில் பரீட்சைக்கு முதல்நாள் ராத்திரி கரண்ட் போனால், மொட்டை மாடியில் ஒரு ஹரிகேன் விளக்கைச் சுற்றி ஏழு பேர் உட்கார்ந்து படித்ததை இங்கே பலர் மறந்திருக்க மாட்டீர்கள். பிறகு கடைத்தெருக்களில் சின்ன ஜெனரேட்டர்கள் வந்தன. ஸ்ரீராம் ஹோண்டா, பிர்லா யமஹா என்று பெயர்கள். பெட்ரோலில் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டுவார்கள். கரண்ட் போன அடுத்த நிமிஷம் தெரு முழுக்கப் படபடவென்று சத்தமும் மண்ணெண்ணெய்ப் புகையும்! அதன் பிறகு 2012-ஐ நினைத்துப் பாருங்கள். சென்னையில் 2 மணி நேரம். வெளி மாவட்டங்களில் 10 மணி நேரத்துக்கும் மேலே மின்வெட்டு. அந்த வருஷம்தான் நானும் பட்டுக்கோட்டைப் பக்கம் உள்ள எங்கள் கிராமத்து வீட்டுக்காக 2.5 கே.வி.ஏ. பெட்ரோல் ஜெனரேட்டர் ஒன்று வாங்கினேன். கூடவே 32 ஆம்பியர் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் ஒன்றும் வாங்கினேன். பொறியாளன் அல்லவா, எல்லாம் முறைப்படி இருக்கவேண்டும் என்று!

ஜெனரேட்டர் கொல்லைக்குப் போனது. சுவிட்ச் பரணுக்குப் போனது. "ஒயர்மேன் வரட்டும்", "பொங்கல் போகட்டும்", "வெள்ளையடிக்கும்போது சேர்த்துப் பார்த்துக்கலாம்." இப்படியே ஆறு வருஷம் போயிற்று. நடுவில் மின்வெட்டும் குறைந்துவிட்டது. எப்போதாவது கரண்ட் போனால் ஜெனரேட்டரிலிருந்து ஓர் எக்ஸ்டென்ஷன் ஒயர் இழுத்து இரண்டு பேன், ஒரு லைட் போட்டுக்கொள்வோம்.

2018 நவம்பர் 16, விடிவதற்குள் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. டெல்டா நண்பர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. பிள்ளை மாதிரி வளர்த்த தென்னைகள் ஒரே ராத்திரியில் சாய்ந்தன. மின்கம்பங்கள் மட்டும் லட்சத்துக்கு மேலே விழுந்தன. ஒன்றிரண்டு நாளில் வருகிற கரண்ட் இல்லை இது என்று முதல் நாளே தெரிந்துவிட்டது.

அப்போது அம்மாவுக்கு 84 வயது. இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தார்கள். இன்சுலினை 2 டிகிரிக்கும் 8 டிகிரிக்கும் இடையில் வைக்கவேண்டும். பிரிட்ஜ் ஓடவேண்டும். மாடித் தொட்டியில் தண்ணீர் இல்லை. மோட்டார் ஓடவேண்டும். மோட்டார் சுவர் ஒயரிங்கில் இருக்கிறது. அங்கே எக்ஸ்டென்ஷன் ஒயர் போகாது. அவசரம். என்ன செய்தேன் தெரியுமா? ஒரு ஒயர் எடுத்து இரண்டு முனையிலும் பிளக் மாட்டினேன். ஒரு முனை ஜெனரேட்டரில், மறுமுனை சமையலறை 16 ஆம்பியர் பாயிண்டில். சுவிட்சைப் போட்டேன். வீடு முழுக்க வெளிச்சம்! என் மனைவி, "படிச்ச படிப்பு இன்னிக்காவது வீட்டுக்கு உபயோகமாச்சு" என்றார்.

அந்த மாதிரி ஒயரை உங்களில் யாராவது செய்து வைத்திருந்தால், வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக வெட்டிப் போடுங்கள். ஒரு முனையைச் சுவரில் செருகிவிட்டு மறுமுனையைக் கையில் பிடித்தால், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பித்தளைக் காலில் 230 வோல்ட் நிற்கும். இது தெரியாமல் நான் செய்யவில்லை. தெரிந்தேதான் செய்தேன். "முதல்ல மெயின் ஆப், அப்புறம்தான் ஜெனரேட்டர்" என்று எனக்கு நானே ஒரு விதி போட்டுக்கொண்டேன். நான் பொறியாளன், மறக்க மாட்டேன் என்ற தைரியம்.

முதல் மூன்று நாள் ஜெனரேட்டர் பின்கட்டுத் தாழ்வாரத்தில்தான் ஓடியது. மழையில் நனையக்கூடாது என்று கூரைக்கு அடியில் வைத்தேன். மூன்றாம் நாள் ராத்திரி அம்மா, "தலை சுத்துதுடா, தலைவலியா இருக்கு" என்றார்கள். சர்க்கரை இறங்கிவிட்டதோ என்று நான் சோதித்துக்கொண்டிருந்தேன். என் மனைவிதான், "அம்மா ரூம் ஜன்னலுக்கு நேரா பொகை வருது, பாக்கலையா?" என்று கேட்டு, இரண்டு பேரை வைத்து அதைத் தோப்புப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, வாசனையில்லை. கண்ணுக்குத் தெரியும் புகை குறைவாக இருந்தாலும் அது இருக்கும். தூங்குகிறவர்கள் தூக்கத்திலேயே போய்விடுவார்கள். வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, ஜன்னல் கதவுகளுக்கு நேராக இல்லாமல், திறந்த வெளியில்தான் வைக்கவேண்டும். வராந்தா, ஷெட், கார் நிறுத்துமிடம் எதுவும் திறந்தவெளி ஆகாது. மழைக்குத் தனியாகத் தகரக் கூரை போடுங்கள். நாலு பக்கமும் சுவர் வைக்காதீர்கள்.

இனி முக்கியமான கட்டத்துக்கு வருகிறேன். ஒன்பதாம் நாள் காலை. வெளி மாவட்டங்களிலிருந்தும் பக்கத்து மாநிலங்களிலிருந்தும் மின் ஊழியர்கள் வந்து வேலை செய்துகொண்டிருந்த நேரம். எங்கள் தெருவுக்கு வந்த குழு சேலம் பக்கத்திலிருந்து வந்தது. பள்ளிக்கூடத் தரையில் படுத்து, கிடைத்ததைச் சாப்பிட்டு, முழங்கால் சேற்றில் கம்பம் நட்டுக்கொண்டிருந்தார்கள். நான் வழக்கம்போல ஜெனரேட்டரைக் கிளப்பி மோட்டாரைப் போட்டேன். பத்து நிமிஷம் ஆகியிருக்கும். வாசலில் ஒரு குரல்: "சார், வீட்டுல யாருங்க?"

முப்பது வயசு இருக்கும் அந்தத் தம்பிக்கு. கையில் இரண்டு பல்பு சேர்த்துக் கட்டிய டெஸ்ட் லாம்ப்.

"உங்க வீட்டுல ஜெனரேட்டர் ஓடுதுங்களா?"

"ஆமாம்ப்பா."

"மெயின் ஆப்ல இருக்குங்களா?"

"ஆப்லதான் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே போய்ப் பார்த்தேன். ஆன்-இல் இருந்தது.

முதல் நாள் மத்தியானம் என் தங்கை மகன் வந்திருந்தான். அப்புறம் கேட்டபோது சொன்னான்: "கரண்ட் வந்திருச்சான்னு மெயினைப் போட்டுப் பாத்தேன் மாமா." பார்த்துவிட்டு, வரவில்லை என்றதும் அப்படியே விட்டுவிட்டான். அவன்மேல் தப்பே இல்லை. கரண்ட் இல்லாத வீட்டில் யாராக இருந்தாலும் செய்கிற காரியம் அது. காலையில் நான் பார்க்காமல் கிளப்பினேன். அவ்வளவுதான்.

என் வீட்டு 230 வோல்ட், மெயின் வழியாக, சர்வீஸ் ஒயர் வழியாக, கம்பத்துக்குப் போய் அந்தத் தம்பி கைவைக்க வேண்டிய கம்பியில் நின்றுகொண்டிருந்தது. அவர் ஏணியில் ஏறி, கையை வைப்பதற்கு முன்னால் டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்த்திருக்கிறார். பல்பு எரிந்திருக்கிறது.

நான் அப்படியே நின்றேன். அவர் கத்தவில்லை. "வைச்சுப் பாக்குறது பழக்கமுங்க சார். அதனால நிக்கிறேன்" என்றார். என் மனைவி மோர் கொண்டு வந்து கொடுத்தார். வாங்கவில்லை. "மொதல்ல அந்த ஒயரைக் கழட்டுங்கம்மா" என்றார். கழற்றினோம். அப்புறம் குடித்தார். போகும்போது, "சேஞ்ச் ஓவர் போடலீங்களா? சார் இன்ஜினியர்னு பக்கத்து வீட்டுல சொன்னாங்க" என்றார். குத்திக்காட்டச் சொன்னதில்லை, நிஜமாகவே ஆச்சரியப்பட்டுத்தான் கேட்டார். அதற்கு அவர் நாலு அறை கொடுத்திருக்கலாம்.

அன்றே பரணில் ஏறினேன். சுவிட்ச் பெட்டியில் கடையின் விலைச் சீட்டுகூடக் கிழியாமல் இருந்தது. ஊரிலிருந்த லைசென்ஸ் உள்ள ஒயர்மேனை அழைத்துவந்தேன். அவர் இணைக்க, நான் டார்ச் பிடித்தேன். 40 நிமிஷ வேலை. ஆறு வருஷமாகத் தள்ளிப்போட்ட 40 நிமிஷம்!

சிலர் கேட்பார்கள்: "சின்ன ஜெனரேட்டர்தானே, லைனுக்குப் போனா தெரு லோடு தாங்காம நின்னுடுமே?" தெருவே இணைந்திருந்தால் நிற்கும்தான். ஆனால் புயலில் கம்பி அறுந்து, ஒரு துண்டு மட்டும் இரண்டு வீட்டோடு நிற்கும்போது, அந்த இரண்டு வீட்டிலும் மெயின் ஆப் என்றால், லோடு எங்கே இருக்கிறது? ஜெனரேட்டர் நிம்மதியாக ஓடும். இன்னொன்று, டிரான்ஸ்பார்மருக்கு முன்வாசல் பின்வாசல் தெரியாது. இந்தப் பக்கம் 230 வோல்ட் போனால் அந்தப் பக்கம் பத்தாயிரம் வோல்ட் அளவில் வெளியே வரும். இரண்டாம் வருஷப் பாடம்! ஜெனரேட்டர் இணைந்திருக்கும்போதே கரண்ட் திரும்பி வந்துவிட்டால் ஜெனரேட்டரும் எரியும், சில சமயம் வீடும் எரியும்.

சேஞ்ச் ஓவர் சுவிட்சில் கைப்பிடி ஒன்றுதான். ஒரு பக்கம் தள்ளினால் மின்வாரியம், மறுபக்கம் தள்ளினால் ஜெனரேட்டர், நடுவில் நின்றால் எதுவும் இல்லை. இரண்டையும் ஒரே நேரத்தில் இணைக்க நினைத்தாலும் முடியாது. நான் மறந்தாலும், மருமகன் விளையாடினாலும் முடியாது. ஆலையில் 500 கே.வி.ஏ. ஜெனரேட்டருக்கு இன்டர்லாக் இல்லாமல் ஒரு நாள்கூட ஓட விட்டதில்லை நான். "மனுஷன் ஞாபகத்தை நம்பி பேனல் டிசைன் பண்ணாதே" என்று ஜூனியர்களுக்குப் பாடம் எடுத்தவன், சொந்த வீட்டில் சொந்த ஞாபகத்தை நம்பினேன்.

கூரையில் சூரியத் தகடு போட்ட நண்பர்கள் சிலர் குறைப்படுகிறார்கள்: "வெயில் கொளுத்துது, கரண்ட் போனா இதுவும் நின்னுடுது, என்ன சார் இது?" மின்வாரிய லைனோடு இணைந்த இன்வெர்ட்டர், லைன் செத்ததும் தானாக நின்றுவிடும்படிதான் செய்யப்பட்டிருக்கிறது. எதற்கு? கம்பத்தில் இருக்கும் அந்தத் தம்பிக்காகத்தான். ஒரு பெட்டிக்கு இருந்த புத்தி எனக்கு இல்லாமல் போயிற்று.

சரி, இனி வாங்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள்.

முதலில் ஒரு காகிதத்தில் லோடு கணக்குப் போடுங்கள். எங்கள் வீட்டுக் கணக்கு: பிரிட்ஜ் 150 வாட், நாலு பேன் 300, எட்டு எல்.இ.டி. பல்பு 72, டி.வி. 80. மொத்தம் 600 வாட் சொச்சம். அரை குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது சுமார் 550 வாட். ஆனால் கிளம்பும்போது மூன்று முதல் ஐந்து மடங்கு இழுக்கும். அதனால் மோட்டாரை முதலில் தனியாகப் போட்டு, அது ஓடத் தொடங்கியதும் மற்றவை. ஒன்றரை டன் ஏ.சி. வேண்டுமென்றால் கணக்கே மாறிவிடும், குறைந்தது 5 கே.வி.ஏ. பார்க்கவேண்டும். கே.வி.ஏ.வும் கிலோவாட்டும் ஒன்றல்ல என்பதை மற்ற பிரிவு நண்பர்களுக்காகச் சொல்கிறேன்: பவர் பேக்டர் 0.8 என்றால் 5 கே.வி.ஏ. என்பது 4 கிலோவாட்தான்.

"எதற்கும் இருக்கட்டும்" என்று பெரிதாக வாங்காதீர்கள். டீசல் ஜெனரேட்டரை அதன் திறனில் கால்வாசிக்கும் குறைவான லோடில் தினமும் ஓட்டினால், எரியாத டீசலும் கரியும் சைலன்சரிலும் வால்விலும் படியும். பெரிய அண்டாவில் ஒரு டம்ளர் காப்பி போடுகிற மாதிரி!

ஒரு பேஸ் வீட்டுக்கு இரண்டு போல், மூன்று பேஸ் வீட்டுக்கு நாலு போல் சேஞ்ச் ஓவர் போடுங்கள். பேஸ் மட்டும் மாறினால் போதாது, நியூட்ரலும் மாறவேண்டும். ஜெனரேட்டர் உடலுக்கு எர்த் கட்டாயம். கோடையில் எர்த் குழியில் தண்ணீர் ஊற்றுங்கள். இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. சிறிய ஜெனரேட்டர்கள் பலவற்றில் நியூட்ரல் எர்த்தோடு இணைந்திருக்காது. அப்படி இருந்தால், வீட்டில் உயிரைக் காக்க வைத்திருக்கும் ஆர்.சி.சி.பி., ஜெனரேட்டர் ஓடும்போது ஷாக் அடித்தாலும் விழாது. வாங்கும்போதே கேட்டு, லைசென்ஸ் உள்ளவரை வைத்துச் சோதித்துக்கொள்ளுங்கள்.

இடத்தைப் பொறுத்தவரை தரையிலிருந்து ஒன்றரை இரண்டு அடி உயரத்துக்குச் செங்கல் மேடை கட்டுங்கள். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் அடித்தளத்தில் வைத்திருந்த ஜெனரேட்டர்கள், தேவைப்பட்ட அந்த நேரத்தில் தண்ணீருக்குள் கிடந்தன. அடுக்குமாடியில் இருப்பவர்கள் அடுத்த சங்கக் கூட்டத்தில் மேல்நாட்டுச் செடி வாங்குவதைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் இதைக் கேளுங்கள்.

பராமரிப்பு என்பது பெரிய வித்தை இல்லை. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, 20 நிமிஷம், பாதி லோடாவது போட்டு ஓட்டுங்கள். சும்மா ஓட்டிப் பயனில்லை. ஆயில் அளவை ஒவ்வொரு முறையும் பாருங்கள். சிறிய பெட்ரோல் எஞ்சினுக்கு முதல் 20 மணி நேரத்தில் ஓர் ஆயில் மாற்றம், பிறகு 100 மணி நேரத்துக்கு ஒருமுறை அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்பது பொதுவான கணக்கு. உங்கள் கையேடு சொல்வதே கடைசி வார்த்தை. ஏர் பில்டரைத் தட்டிச் சுத்தம் செய்யுங்கள். செல்ப் ஸ்டார்ட் இருந்தால் பேட்டரியைப் பாருங்கள். ஜெனரேட்டர் கிளம்பவில்லை என்று புலம்புகிறவர்களில் பாதிப்பேருக்கு எஞ்சின் நன்றாகத்தான் இருக்கும், பேட்டரி செத்திருக்கும்.

இப்போது பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதம் வரை கலந்து வருகிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் டாங்கில் விட்டால் கார்புரேட்டர் அடைத்துக்கொள்ளும். ஓட்டி முடித்ததும் பெட்ரோல் காக்கை மூடி, எஞ்சின் தானாக நிற்கும்வரை விடுங்கள். பழைய பெட்ரோலை ஸ்கூட்டருக்குப் போட்டுத் தீர்த்துவிட்டு, மழைக்காலத்துக்கு முன்னால் புதிதாக நிரப்புங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதோ, சூடாக இருக்கும்போதோ பெட்ரோல் ஊற்றாதீர்கள். இருட்டில் தீக்குச்சி கிழித்து டாங்கைப் பார்க்கிறவர்கள் இன்னும் நம் நாட்டில் இருக்கிறார்கள்!

சத்தத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஊரே இருட்டில் இருக்கும்போது நம் வீட்டில் மட்டும் வெளிச்சமும் சத்தமும் இருந்தால், பக்கத்து வீட்டாருக்கு எப்படி இருக்கும்? நாங்கள் அந்த நாட்களில் சாயங்காலம் ஒரு மணி நேரம் தெருவாரின் செல்போன்களை எல்லாம் வாங்கிச் சார்ஜ் போட்டுக் கொடுத்தோம், குடங்களுக்குத் தண்ணீர் பிடித்துக் கொடுத்தோம். யாரும் சத்தத்தைப் பற்றிப் பேசவில்லை.

எங்கள் தெருவுக்கு 19-ஆம் நாள் கரண்ட் வந்தது. அந்தத் தம்பி அதற்குள் வேறு ஊருக்கு மாற்றிப் போய்விட்டார். பெயரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அதுதான் இன்றுவரை எனக்குக் குறை. அம்மா 2021-இல் காலமானார்கள். கடைசி வருஷங்களில் யாராவது ஜெனரேட்டரைக் கிளப்பினால், கட்டிலில் படுத்தபடியே, "கைப்பிடியைத் தள்ளினியாடா?" என்று கேட்பார்கள். அவர்களுக்கு மின்சாரம் தெரியாது. ஆனால் அந்தக் காலை நான் வாசலில் நின்ற முகம் தெரியும்.

நமக்கு மெஷின்ஸ் லேபில் நம் ஆசிரியர் முதல் நாள் சொல்லிக்கொடுத்தது நினைவிருக்கிறதா? உயிருள்ள பேனல் பக்கம் போனால் ஒரு கையைப் பாக்கெட்டில் போட்டுக்கொள். இரண்டு கையாலும் தொட்டால் கரண்ட் நெஞ்சு வழியாகப் போகும் என்று. நம் உயிரைக் காக்க அவர் கொடுத்த பாடம் அது. நான் அதோடு இன்னொன்றைச் சேர்க்கிறேன்: கம்பியின் மறுமுனையில் முகம் தெரியாத ஒருவர் கை இருக்கிறது. அவர் பாக்கெட்டில் கையைப் போட்டுக்கொண்டு கம்பத்தில் ஏற முடியாது.

நம் பரண்களில் என்னென்ன கிடக்கிறதோ தெரியாது. சேஞ்ச் ஓவர் சுவிட்ச் கிடந்தால் மட்டும் இந்த வாரமே இறக்கிவிடுங்கள். இல்லாதவர்கள் என்னிடம் சொல்லுங்கள். வந்து டார்ச் பிடிக்க நான் தயார்.